சுடும்போது கண் மூடாத ரைஃபிள்

பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமமும் வாங்கிவிட்ட ஒருவர் கேட்டிருக்கிறார்: "மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாட முதன்முதலாக ஒரு போல்ட் ரைஃபிள் வாங்கப்போகிறேன். நண்பர் 6.5 கிரீட்மூர் என்கிறார். மாமா .30-06-ஐ விட்டால் வேறு இல்லை என்கிறார். கடைக்காரரோ .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் இன்னொன்று தேவைப்படாது என்கிறார். கையில் அளவான பணம்தான் இருக்கிறது. எது சிறந்தது?"

இந்த எண்களும் பெயர்களும் தோட்டா வகைகள்; மேக்னம் என்பது அவற்றில் மருந்து கூடுதலான, வலிமை மிகுந்த வகை. போல்ட் ரைஃபிள் என்பது ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் எனும் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் ரைஃபிள். கேள்வி 'எது சிறந்தது' என்று முடிந்தாலும் அதற்குள் இருப்பது வேறொரு கவலை என்று எனக்குப் படுகிறது. வாங்குவது ஒரு முறைதான், அதில் தவறிவிடக் கூடாது என்பதே அந்தக் கவலை. அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இன்று பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் செய்யும் போல்ட் ரைஃபிள்களில், 200 மீட்டருக்குள் ஒரு மானை ஒரே குண்டில் வீழ்த்தத் துல்லியம் போதாதது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். மலிவானவற்றுக்கும் இது பொருந்தும். குறி தவறுவது பெரும்பாலும் ரைஃபிளால் அல்ல, சுடுபவரால். ஆகவே நீங்கள் தேட வேண்டியது வலிமையான ரைஃபிளை அல்ல, உங்கள் உடம்பு அஞ்சாமல் சுடக்கூடிய ரைஃபிளை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்துவருகிறேன். அதைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வேட்டைக்குப் போய்வருகிறேன். எழுதுவதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்துதான். 300 மீட்டருக்கு அப்பால் ஒரு விலங்கின் மீது நான் சுட்டதில்லை. எருமை, பெருங்கரடி போன்ற ஆபத்தான விலங்குகளை வேட்டையாடியதும் இல்லை. அவை இரண்டையும் இந்தப் பதிலில் தொடப்போவதில்லை.

சுடுதளத்தில் நான் அடிக்கடி செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். மாணவர் ரைஃபிளைப் பிடித்துக் குறி வைத்திருப்பார். தோட்டாவை நான்தான் உள்ளே போடுவேன். என்ன போட்டேன் என்று அவருக்குத் தெரியாது. சில முறை உண்மையான தோட்டா, சில முறை மருந்தில்லாத பயிற்சித் தோட்டா. ஒருமுறை நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் ஒருவர் வந்தார். மேக்னம் ரைஃபிள் உதைப்பது தனக்கு ஒரு பொருட்டே அல்ல என்று உறுதியாகச் சொன்னார். நான்காவது முறை பயிற்சித் தோட்டாவைப் போட்டேன். விசையை அழுத்தினார், 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவே வெடிக்காத அந்த ரைஃபிளின் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. தோள் முன்னால் தள்ளியது, இடது கை இறுகியது, இரண்டு கண்களும் மூடித் திறந்தன. அவரே அதைப் பார்த்தார். அதுவரை தாள் இலக்கில் குண்டுகள் ஏன் சிதறின என்று நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மிரட்சி மன உறுதியில்லாதவர்களுக்கு மட்டும் வருவதல்ல. காதருகே வெடிச் சத்தமும் தோளில் இடியும் ஒரே நேரத்தில் வந்தால், அடுத்த முறை அதை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். அது அனிச்சைச் செயல். ஒருமுறை பழகிவிட்டால் நீக்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். என் முதல் ரைஃபிளும் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம்தான், அதுவும் எடை குறைந்த வகை. இரண்டாம் வேட்டைப் பருவத்தில் 120 மீட்டரில் நின்ற ஒரு பெண்மானைச் சுட்டேன். நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு ஒரு முழம் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. புல்லில் பச்சை கலந்த கசிவு இருந்ததைக் கண்டதும் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. இருட்டும்வரை தடம் பார்த்துத் தேடினேன். கிடைத்தது மறுநாள் காலையில், ஓடைக் கரையில். அந்த இரவு முழுவதும் அது உயிரோடு இருந்திருக்கும். அந்த ரைஃபிளில் எந்தக் குறையும் இல்லை. என் தோளுக்கு அது பொருந்தவில்லை, அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அந்த மான்தான் காரணம்.

உதைப்பை எண்ணில் சொல்லலாம். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து சுமார் 3.6 கிலோ எடையுள்ள ஒரே ரைஃபிள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், .243 வின்செஸ்டர் தோளில் தரும் பின்னுதைப்பு ஆற்றல் ஏறத்தாழ 12 ஜூல். 6.5 கிரீட்மூர் 16 அல்லது 17, 7 மி.மீ.-08 ரெமிங்டன் 18, .308 வின்செஸ்டர் 20, .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு குண்டின் எடையைப் பொறுத்து 24 முதல் 28 வரை. .300 வின்செஸ்டர் மேக்னம் 35-ஐத் தாண்டிவிடும். குண்டு, மருந்து மாறினால் இந்த எண்களும் சற்று மாறும். ஆனால் வரிசை மாறாது. மேக்னத்தின் உதை .243-ஐப் போல மூன்று மடங்கு. எடையைக் குறைத்தால் உதைப்பு கூடும் என்பதும் அதே கணக்கிலிருந்து வருகிறது: 3.6 கிலோவை 2.7 ஆக்கினால் உதைப்பு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். மலையேறத் தோதான இறகு போன்ற ரைஃபிள் என்று விற்கிறார்களே, அது தோளில் சுமக்கும்போது இனிக்கும், சுடும்போது கடிக்கும். முதல் ரைஃபிளுக்கு 3.2 முதல் 3.8 கிலோ வரை, ஸ்கோப் உட்பட, நல்ல எடை என்பது என் கருத்து.

எத்தனை ஜூலை ஒருவர் மிரளாமல் தாங்குவார் என்பதற்கு விதி கிடையாது. நான் பார்த்தவரை, புதியவர்களில் பெரும்பாலோர் 20 ஜூல்வரை ஒரு காலைப்பொழுதில் இருபது தோட்டா சுட்டுவிடுகிறார்கள், குறி கெடுவதில்லை. அதற்கு மேல் போகப்போகப் பத்தாவது தோட்டாவிலேயே முகம் சுளிக்கிறது. இது என் களத்தில் கண்டது, ஆய்வு முடிவல்ல. உங்கள் தோளை நீங்களே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது கேட்டு .308 ஒன்றையும் 6.5 கிரீட்மூர் ஒன்றையும் பத்துப் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

இனி தோட்டா. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. அதன் உறையின் (குண்டையும் மருந்தையும் தாங்கும் உலோகக் கூடு) கழுத்தைக் குறுக்கித்தான் 1955-இல் .243-உம், 1980-இல் 7 மி.மீ.-08-உம் பிறந்தன. 6.5 கிரீட்மூர் 2007-இல் வந்த இளையது. .30-06 இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. பெயரில் உள்ள 06 என்பது 1906-ஐக் குறிக்கிறது. மான், பன்றி வேட்டைக்கு இந்த ஐந்தில் எது வாங்கினாலும் நீங்கள் தவறு செய்ததாக ஆகாது. இது எனக்கு உறுதி. இவற்றுக்குள் ஒன்றைவிட ஒன்று எவ்வளவு மேல் என்பதில்தான் சண்டை, அந்தச் சண்டை தீரப்போவதில்லை. .243 மெல்ல உதைக்கும், மானுக்குப் போதும். ஆனால் பெரிய ஆண் பன்றியின் தோள்பட்டையில் பட்டால் நல்ல கனமான, உடையாத குண்டு வேண்டும், கோணம் சரியில்லாவிட்டால் சுடாமல் விட்டுவிடும் பொறுமையும் வேண்டும். புதியவருக்கு ஏற்ற சிறு தோட்டா என்று அதைத்தான் எல்லோரும் கையில் கொடுப்பார்கள். பிழைக்கு இடம் குறைவாக உள்ள தோட்டாவை அனுபவம் குறைந்தவர் கையில் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மானுக்கும் பன்றிக்கும் சேர்த்து என்றால் 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மூர், .308 மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன்.

மூன்றில் எது என்பதை நீங்கள் வேட்டையாடும் பகுதியின் கடை அலமாரி முடிவு செய்யட்டும். எந்தத் தோட்டா அங்கே மூன்று, நான்கு வகைக் குண்டுகளோடு எப்போதும் இருக்கிறதோ அதுவே உங்களுக்கு உரியது. பெரும்பாலான இடங்களில் அது .308 ஆக இருக்கும். 7 மி.மீ.-08 எனக்கு மிகவும் பிடித்தது, உதைப்புக்கும் வலிமைக்கும் இடையே அழகான நடு இடம். ஆனால் பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அது எங்கும் கிடைக்காமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் எந்த விலங்குக்கு எந்த அளவு தோட்டா என்று வரையறை உண்டு. இங்கிலாந்தில் பெரிய மான் இனங்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த குழல் விட்டமும், 1,700 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,300 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் ஆகாது. வாங்கிய பிறகு இப்படி ஒன்று இருப்பது தெரியவந்தால் வீண் செலவு.

மேக்னம் வாங்கினால் அதிக தூரம் போகும் என்ற வாதத்தையும் எண்ணில் பார்த்துவிடலாம். .308-இல் 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டை 180 மீட்டரில் மையத்தில் விழும்படி சரிசெய்தால், 90 மீட்டரில் அது ஏறத்தாழ 5 செ.மீ. மேலே போகும், 275 மீட்டரில் சுமார் 20 செ.மீ. கீழே இறங்கும். .300 மேக்னத்தின் 180 கிரெய்ன் குண்டும் அதே முறையில் 275 மீட்டரில் 17 செ.மீ.க்கு நெருக்கமாக இறங்கும். வேறுபாடு சுமார் மூன்று செ.மீ. நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். அந்த மூன்று செ.மீ.க்காகக் கிட்டத்தட்ட இரு மடங்கு உதையைத் தோளில் வாங்குவது முதல் ரைஃபிளில் நல்ல பேரம் அல்ல. வலிமையின் பயன் வெகுதூரத்திலும் பெரிய விலங்குகளிடமும் தெரியும் என்பதை மறுக்கவில்லை. நீங்கள் கேட்டது அதைப் பற்றி அல்ல.

தோட்டாவை முடிவு செய்தபின் ரைஃபிளைக் கையில் எடுங்கள். எடுத்தவுடன் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்துத் தந்தார் என்றாலும் செய்யுங்கள். பிறகு பாதுகாப்பான திசையில் நின்று இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, வழக்கமாக வைப்பதுபோல் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் (குழலைத் தாங்கி, தோள்வரை நீளும் உடற்பகுதி) சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால் அந்தக் கட்டை உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டவோ கன்னத்தைத் தூக்கவோ வேண்டியிருந்தால் பொருந்தவில்லை. கன்னம் அந்தரத்தில் இருக்கும் ரைஃபிள் ஒவ்வொரு சூட்டிலும் தாடையில் அடிக்கும். தோள் தாங்கும் உதையைக்கூட முகம் தாங்காது.

விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை உள்ள நீளம் பெரும்பாலான ரைஃபிள்களில் 34, 35 செ.மீ. இருக்கும். அது உயரமான ஆண்களை மனத்தில் வைத்துச் செய்த அளவு. தோளில் வைத்துப் பிடித்திருக்கும்போது உங்கள் பெருவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. வேட்டைக்கு அணியும் தடித்த மேல்சட்டையைக் கடைக்கு எடுத்துப்போய் அதை அணிந்துகொண்டே பாருங்கள்; சட்டையின் தடிப்பே ஒரு செ.மீ. கூட்டிவிடும். உயரம் குறைந்தவர்கள், பெண்கள் பலருக்கும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டையுள்ள ரைஃபிள்தான் வசதி. எந்தக் கண் வலுவானது என்பதையும் பார்த்துவிடுங்கள். இரு கைகளாலும் ஒரு சிறு துளை அமைத்து, அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே உங்கள் வலுவான கண். வலது கைக்காரருக்கு இடது கண் வலுவாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். அப்படி இருந்தால், புதியவர் இடது தோளில் சுடப் பழகி இடக்கை ரைஃபிளே வாங்கிவிடலாம். பழக்கம் இன்னும் படியாத இந்த நேரத்தில் அது எளிது.

போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. பவுல் மவுசர் 1898-இல் அமைத்த முறையில், மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) தோட்டா மேலே எழும்போதே போல்ட்டின் பக்கத்தில் உள்ள அகலமான கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-உம் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்றவற்றில் போல்ட் தோட்டாவை முன்னே தள்ள மட்டும் செய்யும்; முழுவதும் மூடும்போதுதான் சிறிய கொக்கி விளிம்பில் ஏறி அமரும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தால், இரண்டாம் வகையில் முதல் தோட்டா அறையிலேயே தங்கிவிட, அடுத்தது அதன் பின்புறத்தில் போய் இடிக்கும். ஆபத்தான விலங்கு எதிரே நிற்கும்போது அது பெரிய விஷயம். மான் வேட்டையில் அது ஒரு தொல்லை மட்டுமே, போல்ட்டை எப்போதும் முழு வீச்சில் இழுத்துத் தள்ளப் பழகினால் அதுவும் இல்லை. ஆகவே முதல் ரைஃபிளுக்கு இந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பேன். மவுசர் முறையை நேசிப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

அதைவிட முக்கியம் பாதுகாப்பு விசை. அது போட்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்று நிலை உள்ளவற்றில் நடு நிலை இதற்குத்தான். வேட்டை முடிந்து குளிரில் விறைத்த விரல்களோடு தோட்டாவை இறக்கும் நேரம்தான் கவனம் சிதறும் நேரம். சுடும் விசை 1.2 முதல் 1.6 கிலோ அழுத்தத்தில், இழுபறி இல்லாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுபட வேண்டும். இப்போது மலிவு ரைஃபிள்களில்கூட இதைச் சரிசெய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. அதைவிட மெல்லிய விசை கையுறை அணிந்த விரலுக்கு ஏற்றதல்ல.

கட்டை மரமா, செயற்கை நாரிழையா? அழகுக்கு மரம். மழையிலும் பனியிலும் மரம் ஈரம் குடித்து உப்பி, குழலை ஒரு பக்கம் அழுத்தினால் குண்டு விழும் இடம் நகர்ந்துவிடும். முதல் ரைஃபிளைக் கண்ணும் கருத்துமாகப் பேணுவதைவிட அதிகமாகப் பயன்படுத்துவதே நல்லது, அதனால் செயற்கைக் கட்டை என்பேன். விலை குறைந்தவற்றில் ஒரு குறை உண்டு: கட்டையின் முன்பகுதி மெலிந்து வளையும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, அறைவரை தடையில்லாமல் நகர்கிறதா பாருங்கள். பிறகு முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி நகர்த்துங்கள். அழுத்தினால் காகிதம் சிக்குகிறது என்றால், தாங்கியின் மீது வைத்துச் சுடும்போது அந்தக் குழல் கட்டையில் உரசும் என்று பொருள். குழலின் நீளம் 51 முதல் 61 செ.மீ.க்குள் எதுவும் சரி.

துல்லியத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். 100 மீட்டரில் 3 செ.மீ.க்குள் குண்டுகள் விழும் என்று உறுதி தருவார்கள். பெரும்பாலும் அது மூன்று குண்டுகள், குறிப்பிட்ட தோட்டா, நல்ல தாங்கி, தேர்ந்த கை என்ற கணக்கு. மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஐந்து, பத்து என்று சுடச்சுட வட்டம் விரியும். 100 மீட்டரில் நாலரை செ.மீ. வட்டம் தரும் ரைஃபிள் 200 மீட்டரில் 9 செ.மீ. தரும், மானின் உயிர்நிலை 20 செ.மீ. அதுவே போதும். அதே மனிதர் மேசையை விட்டு எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்காலில் அமர்ந்து சுட்டால் வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும். அங்கேதான் உழைக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிடும்போது ரைஃபிளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு ஸ்கோப்புக்கும் பொருத்தும் வளையங்களுக்கும் ஒதுக்குங்கள் என்று சொல்வார்கள். நூறு விழுக்காடு அப்படி வேண்டியதில்லை. ஆனால் ஆடம்பர ரைஃபிள் மீது மட்டமான ஸ்கோப் வைப்பதைவிட, எளிய ரைஃபிள் மீது நல்ல ஸ்கோப் வைப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும், 40 மி.மீ. முன்வில்லை உள்ள சாதாரண வகை போதும். மானும் பன்றியும் நடமாடுவது அந்தி வெளிச்சத்தில். முன்வில்லையின் அளவைப் பெரிதாக்கும் மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் அது 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7 மி.மீ. இருட்டில் விரிந்த கண்மணி இளம் வயதில் 7 மி.மீ.வரை போகும். பொழுது சாயும்போது பெரிதாக்குவதைக் குறைத்தால் காட்சி வெளிச்சமாவது இதனால்தான். கண்ணுக்கும் பின்வில்லைக்கும் 9 செ.மீ. இடைவெளியாவது தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள். அது குறைந்தால் உதைப்பில் புருவம் பிளக்கும். அந்தத் தழும்பை நான் பலர் நெற்றியில் பார்த்திருக்கிறேன். வளையங்களின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு, அதற்கான கருவியால் இறுக்குங்கள். 'ரைஃபிள் கெட்டுவிட்டது' என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் பாதிக்கு மேல் திருகு தளர்ந்தவை.

பழைய ரைஃபிள் வாங்குவது நல்ல வழியே. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சுழல் வரிகள் கூர்மையாக, துருக்குழி இல்லாமல் இருக்க வேண்டும். குழல் முனையின் விளிம்பில் அடிபட்ட வடு இருக்கக் கூடாது. தோட்டா அறையின் ஆழத்தை அதற்குரிய அளவுக்கட்டை கொண்டு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சோதித்த பிறகே சுடுங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .30-06 ரைஃபிளுக்குள் .308 தோட்டா போய் உட்கார்ந்துவிடும். சுட்டால் உறை பிளந்து கொதிக்கும் வாயு பின்னால் பீறிடலாம்.

இப்போது உங்களுக்கான நேரடிப் பதில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் .308 அல்லது 6.5 கிரீட்மூரில், 56 செ.மீ. குழலும் செயற்கைக் கட்டையும் உள்ள ஒன்றை வாங்குவேன். பணம் இடம் கொடுத்தால் டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, சேவேஜ் 110 வரிசையில் கன்னத்துக்கு எது பொருந்துகிறதோ அது. இல்லாவிட்டால் ரூகர் அமெரிக்கன். இந்தப் பெயர்கள் என் கைக்குப் பழகியவை என்பதால் சொல்கிறேன். கண்ணை மூடித் திறக்கும் அந்தச் சோதனையில் வேறொன்று வென்றால் அதையே எடுங்கள். மாமா தம் .30-06-ஐ உங்களுக்கே தருகிறார் என்றால், எடை குறைந்த குண்டு போட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். மேக்னம் மட்டும் இப்போது வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். முடிந்தால் .22 அளவில் ஒரு போல்ட் ரைஃபிளும் வாங்குங்கள். உதையே இல்லாத அதில் ஆயிரம் முறை சுட்டவருக்குப் பெரிய ரைஃபிள் எளிதில் வசப்படும். காதுக்கு மூடி இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடிச்சத்தம் செவியைக் கெடுக்கும், வேட்டை ரைஃபிள் 160-ஐ ஒட்டி வரும். உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்தும் பிரேக் அந்தச் சத்தத்தை உங்கள் பக்கமே திருப்பிவிடும். அதனால்தான் அதை நான் பரிந்துரைப்பதில்லை. குண்டில் ஈயமா, செம்பா என்பதும் இப்போதே முடிவு செய்ய வேண்டியது. ஈயக் குண்டின் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியில் பரவுகின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கூடாது. செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும், நன்றாக விரியச் சற்று வேகமும் வேண்டும். அதனால் ஈயத்தில் பயன்படுத்துவதைவிட ஒரு படி எடை குறைந்ததை எடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் செம்பையே சொல்வேன்.

ரைஃபிள் கைக்கு வந்த முதல் நாள், போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக 25 மீட்டரில் உள்ள இலக்கின் மையத்தைப் பாருங்கள். ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே இரண்டு தோட்டா, பிறகு 100 மீட்டருக்குப் போய் மூன்று. மூன்றின் நடுவை எடுத்துக்கொண்டு திருத்துங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு சொடுக்கு அந்தத் தூரத்தில் 7 மி.மீ. நகர்த்தும். மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்துவைத்துக் குழல் ஆறும்வரை காத்திருங்கள். அந்த இடைவேளையில் யாரிடமாவது சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் ஒரு பயிற்சித் தோட்டாவையும் கலந்து போடச் சொல்லுங்கள். 'டிக்' என்று கேட்கும்போது குழல் முனை அசையாமல் நின்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அசைந்தால் பெரிய ரைஃபிளை உறையில் போட்டுவிட்டு .22-ஐ எடுங்கள்.